மூன்று தட்டு

இறக்கைக்குள் நுழையும் அளவுக்கு
ஒடுங்கின தோள் எனக்கு மட்டும்தான்.
அதனால் கிடைத்த வேலை.
நாற்பத்தெட்டு, பெங்களூர், இரண்டாம் ஹேங்கர்.
வெளியே ரிவெட் துப்பாக்கியோடு நஞ்சுண்டப்பா,
உள்ளே, இரும்புக் கட்டியை
ஆணியின் வாலுக்கு முட்டுக்கொடுத்தபடி
மல்லாந்து கிடக்கும் நான், சவரிராயன்.

நடுவில் ஒரு தகடு.
அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் கால்வாசி.
அந்தச் சத்தத்தில் எந்த பாஷையும் எடுபடாது.
ஆகவே தட்டுவோம்.
ஒரு தட்டு: சரி.
இரண்டு: இன்னும் அடி.
மூன்று: கெட்டுப்போச்சு, துளைத்துப் பிடுங்கு.

வந்ததெல்லாம் பிணங்கள்.
போகிற வெள்ளைக்காரன்
இனி யாரும் இதைப் பறக்கவிடக் கூடாதென்று
எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டானாம்,
லாரியால் வாலை இடித்தானாம்,
தொட்டிக்குள் மணல் அள்ளிக் கொட்டினானாம்.
கான்பூர் புல்லுக்குள் கிடந்த லிபரேட்டரை
அரை உயிரோடு ஓட்டிவந்தார்கள்.
மடக்கினால் திரும்ப விரியுமோ என்று
வழி நெடுகச் சக்கரத்தை நீட்டியபடியே,
கால் மடக்கத் தெரியாத கொக்கு மாதிரி.

மணல் நிஜம்.
தொட்டிக்குள் கைவிட்டேன்,
நகக்கண்ணெல்லாம் கங்கைக்கரை.

மத்தியானத்தில் குண்டறைக்குள்தான் நிழல்.
கதவைத் திறந்துவைத்து
சாண் அகல நடைபலகையில் கால் தொங்கப்போட்டு
களியும் கீரைக் குழம்பும்.
குண்டு மாட்டும் கொக்கியில் தூக்குவாளி ஆடும்.
"ஐந்நூறு பவுண்டு தாங்கற உறிடா" என்பான்
பெயிண்டர் தஸ்தகீர்.

அவன்தான் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினான்.
மூக்கின் பக்கவாட்டில் பழைய படம்,
சாம்பல் நிறம் அடித்து மூடச் சொல்லி உத்தரவு.
மஞ்சளில் சின்னச்சின்னக் குண்டுகள்,
பால்காரன் சுவரில் போட்ட கோடுபோல
வரிசை வரிசையாய் முப்பத்தாறு.
முப்பத்தேழாவது குண்டு இல்லை.
பாலம்.
மூன்று காலில், குழந்தை வரைந்ததுபோல
ஒரு ரயில் பாலம்.

என் அண்ணன் இன்னாசி
ஈப்போவுக்குப் பக்கத்தில் பால்மரம் வெட்டினான்.
ஜப்பான்காரன் வந்து, சயாமில் தண்டவாளம் போட
லாரியில் ஏற்றிப்போனான் என்பது வரை
ஒரு கடிதம் சொன்னது.
எழுதியது அண்ணன் இல்லை, லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்.
பேதியா, பட்டினியா, மேலேயிருந்து விழுந்ததா,
திரும்பினவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
அண்ணி தாலியைக் கழற்றவில்லை.
"எந்த ஆத்துலன்னு சொல்லுங்க, கழட்டறேன்."

எந்த ஆறு என்று
படத்துக்குக் கீழே எழுதியிருக்கவில்லை.

தஸ்தகீர் இரண்டு கை அடித்தான்.
காய்ந்த பிறகும்
சாயங்கால வெயில் சாய்ந்து பட்டால்
அம்மைத்தழும்பாய் மேடு தெரிந்தது.

அன்றைக்கு ஓவர்டைம். எல்லோரும் போனபின்
ஏணி போட்டு ஏறி
விரலால் தடவிப் பாலத்தைக் கண்டுபிடித்தேன்.
இரும்புக் கட்டியால் தட்டினேன்.
மூன்று.
காலி வயிறு, நன்றாகவே எதிரொலித்தது.
மறுபக்கத்தில் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை சோதனைப் பறப்பு.
ஓடுபாதை ஓரத்தில் நின்றோம்,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
மேலே போய் அது சக்கரத்தை மடக்கியது,
முதலில் இடது, அப்புறம் யோசித்து யோசித்து வலது.
எல்லோரும் கத்தினார்கள். தஸ்தகீர் தொப்பியை வீசினான்.
நானும் கத்தினேன்,
தொண்டை கட்டுகிற அளவுக்கு.

இறங்கினதும் டார்ச்சைக் கையில் கொடுத்து
என்னைத்தான் உள்ளே அனுப்பினார்கள், ஆணி எண்ண.
இன்னும் சூடாக இருந்தது இறக்கை.
ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரை போனேன்.
ஒன்றுகூடக் கழலவில்லை.
தகட்டுக்கு வெளியே நஞ்சுண்டப்பா
காத்திருந்தான்.

தட்டினேன்.
ஒன்று.